செங்கல் வீட்டில் வாழாத குடும்பம்

எல்லைப்புறத்து வீடுகள் – 11

அந்த ஊரில் எப்போது போய் நின்றாலும் ஆண்டு 1836. கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதும். குயவரின் சக்கரத்தில் செம்மண் ஜாடி எழும்பிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் வந்தவர்களை பெஞ்சில் உட்காரவைத்து உரக்க எழுத்துக்கூட்டச் சொல்வார். சத்திரத்து அம்மாவிடம் கேமராவைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், இது என்ன பெட்டி என்பதுபோல் பார்ப்பாள். வம்புக்கு இழுத்து, ‘இப்போது ஜனாதிபதி யார்?’ என்று கேட்டால் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பாள். அவரை அவளுக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

ஊரின் பெயர் பிரெய்ரிடவுன். இண்டியானா மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபொலிஸுக்கு வடக்கே, ஃபிஷர்ஸ் நகரில், கான்னர் பிரெய்ரி என்ற அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. உண்மையில் அப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை. சில பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்தினார்கள். சிலவற்றைப் பழைய முறையில் புதிதாகக் கட்டினார்கள். குடியிருப்பவர்கள் கற்பனை மனிதர்கள். மாலையானதும் அவர்கள் கார் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கற்பனை ஊருக்குச் சற்றுத் தள்ளி, ஒயிட் ஆற்றின் தாழ்வெளியைப் பார்த்தபடி, மேட்டு விளிம்பில் ஒரு மாடி வைத்த செங்கல் வீடு நிற்கிறது. இது கட்டிய இடத்திலேயே நிற்கும் வீடு. கட்டிய ஆண்டு 1823. கட்டியவர் வில்லியம் கான்னர். சுற்றுப்புறத்தில் மரத்தடிகளை அடுக்கிய குடிசைகளே இருந்த காலத்தில் செங்கல் சூளை போட்டு வீடு கட்ட முடிந்தவர். அருங்காட்சியகத்துக்குப் பெயரும் காரணமும் அவரே.

ஒரு வரலாற்று வீட்டுக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்கிறவர்கள், எந்த ஆண்டுக்கு உயிர் கொடுப்பது என்பதை முதலில் தீர்மானித்துவிடுகிறார்கள். இந்த வீட்டின் கதையில் அந்தத் தீர்மானம் சாதாரணமானது அல்ல. 1823 என்று வைத்தால் கான்னருக்கு ஒரு மனைவி, ஒரு குடும்பம். நான்கு ஆண்டு முன்னால், 1819 என்று வைத்தால் வேறு மனைவி, வேறு குடும்பம். அந்த முதல் குடும்பம் இந்தச் செங்கல் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

*

கான்னர் 1777 டிசம்பரில், இன்றைய ஓஹையோ பகுதியில் பிறந்தவர். அம்மா மார்கரெட் பாயர் இளம் வயதில் ஷானி மக்களிடம் கைதியாக வளர்ந்தவள். அப்பா ரிச்சர்ட் கான்னர் வணிகர். குடும்பம் மொராவியன் பாதிரிமார்களின் மிஷன் ஊர்களில், கிறிஸ்தவத்தைத் தழுவிய லெனாபி மக்களோடு மக்களாக வாழ்ந்தது. பையனுக்கு நான்கு வயதானபோது, 1782 மார்ச்சில், அதே மிஷன்களைச் சேர்ந்த 96 பேரை க்னாடென்ஹூட்டன் என்ற ஊரில் பென்சில்வேனியாவின் குடிப்படையினர் கொன்றார்கள். ஆயுதம் எடுக்காத மக்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்தத் தொடரில் ‘எல்லைப்புறம்’ என்ற சொல்லை நான் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த ஊர் நினைவுக்கு வருகிறது.

லெனாபிகளை வெள்ளையர்கள் டெலவேர் என்று அழைத்தார்கள். டெலவேர் ஆற்றுப் படுகைதான், அதாவது இன்றைய நியூ ஜெர்சியும் கிழக்குப் பென்சில்வேனியாவும்தான், அவர்களின் பூர்வீகம். சுதந்திர அமெரிக்கா பூர்வகுடி மக்களோடு எழுதிக் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தமே இவர்களோடு போட்டதுதான்: 1778, ஃபோர்ட் பிட். விரும்பினால் டெலவேர்கள் தலைமையில் ஒரு மாநிலமே அமைத்து நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம் என்று அதில் ஒரு வாசகம் உண்டு. படித்தால் இன்று சிரிப்பு வராது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்கள் மேற்கே, இன்னும் மேற்கே என்று நகர்த்தப்பட்டு, 1800 வாக்கில் இண்டியானாவின் ஒயிட் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

கான்னரும் அண்ணன் ஜானும் அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். மான் தோல், ரக்கூன் தோல் வாங்கி, துணி, ரவை, வெடிமருந்து, பாத்திரம் கொடுக்கும் வணிகம். ஆற்றங்கரையில் மரத்தடி வீடும் கடையும். 1802 வாக்கில் வில்லியம் ஒரு லெனாபிப் பெண்ணை மணந்தார். அவள் பெயர் மெக்கின்ஜெஸ். லெனாபித் தலைவர் வில்லியம் ஆண்டர்சனின் மகள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இண்டியானாவில் ஆண்டர்சன் என்ற நகரம் அந்தத் தலைவர் பெயரில்தான் இன்றும் இருக்கிறது. கிக்தவெனுண்ட் என்பது அவருடைய லெனாபிப் பெயர்.

எல்லைப்புற வணிகர்கள் பூர்வகுடிப் பெண்களை மணப்பது அன்று வழக்கம். மணந்தால் உறவு வரும், உறவு வந்தால் கடனுக்கு நம்பிக்கை வரும். ஆனால் இந்த மணத்தை வெறும் வணிகக் கணக்காகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆறு பிள்ளைகள். கான்னர் வீட்டில் புழங்கிய மொழி, சமைத்த சாப்பாடு, வந்துபோன உறவினர் எல்லாம் அவளுடையதாகவே இருந்திருக்க வேண்டும். 1812-ல் ஆங்கிலேயரோடு போர் வந்தபோது கான்னர் அமெரிக்கப் பக்கம் மொழிபெயர்ப்பாளராக நின்றார். 1813-ல் ஷானித் தலைவர் டெகும்சே கொல்லப்பட்டபோது உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டவர்களில் இவரும் ஒருவர் என்பார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆளுக்கு ஒருநாள் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சும்.

*

1818 அக்டோபர் 3. ஓஹையோவில் செயின்ட் மேரிஸ் என்ற இடம். அமெரிக்க அரசின் பக்கம் ஜொனாதன் ஜென்னிங்ஸ், லூயிஸ் காஸ், பெஞ்சமின் பார்க் ஆகிய மூவர். எதிரே ஆண்டர்சனும் மற்ற லெனாபித் தலைவர்களும். நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளர்களில் கான்னரும் ஒருவர். மாமனார் என்று சொல்லப்படுகிறவர் நிலத்தை எழுதிக்கொடுக்கும் சொற்களை மருமகன் மொழிபெயர்க்கிறார்.

டெலவேர்கள் இண்டியானாவில் தங்களுக்கு இருந்த எல்லா நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்குள் மிசிசிப்பிக்கு அப்பால் போய்விட வேண்டும். பதிலுக்கு என்ன கிடைத்தது என்று ஒப்பந்தத்தைப் பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. 120 குதிரை. ஒவ்வொன்றும் 40 டாலர் மதிப்புக்கு மேல் போகக்கூடாது. ஆறு கடக்கத் தேவையான ஓடங்கள். வழிக்குத் தின்பண்டம். ஒரு கொல்லன். ஆண்டுக்கு 4,000 டாலர், என்றென்றைக்கும். அத்தோடு 13,312 டாலர் 25 செண்ட், லெனாபிகள் மீது கோரிக்கை வைத்திருந்தவர்களுக்குத் தீர்க்க. அந்தக் கடைசித் தொகையின் 25 செண்ட்டைக் கவனியுங்கள். ஒரு நாட்டையே ‘மேற்கே எங்கோ’ என்று மொட்டையாக அனுப்பியவர்கள் கடன்காரர் கணக்கைச் செண்ட் வரை சுத்தமாக எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, தெற்கு இண்டியானாவின் காட்டுக்குள் ஒரு மரத்தடிக் குடிசையில் நான்சி லிங்கன் செத்துப்போனாள். ஏபிரகாம் லிங்கனின் தாய். பையனுக்கு வயது 9. காட்டில் வளரும் வெண்பூச்செடி ஒன்றைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்ததால் வந்த நோய். பால்நோய் என்றார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் குடிசையின் கதையைக் கேட்டு வளர்கிறார்கள், செயின்ட் மேரிஸ் கதையைக் கேட்டு வளர்வதில்லை. இண்டியானாவின் எல்லைப்புற வாழ்க்கை என்றால் லிங்கன் குடும்பம் பட்ட கஷ்டம் என்ற சித்திரம் இப்படித்தான் நிலைத்தது.

1820 கோடைகாலத்தின் கடைசியில் ஒயிட் ஆற்று லெனாபிகள் புறப்பட்டார்கள். மெக்கின்ஜெஸ்ஸும் ஆறு பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள். கான்னர் போகவில்லை. லெனாபிகளிடம் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஓநாய், ஆமை, வான்கோழி என்று மூன்று குலம், மூன்றும் தாய்வழி வருவது. ஆகவே பிள்ளைகள் யாரோடு போவது என்ற கேள்வியே அவர்கள் முறையில் எழாது. வணிகத்தில் அவளுக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுத்து அனுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவளைப் போகச் சொன்னாரா, வா என்று அவள் அழைத்தாளா, எதையும் எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் எழுதிவைத்த வரி ஒன்றுகூட இந்த விஷயத்தில் இல்லை.

காகிதம் சொல்வது வேறு. 1820 நவம்பர் 30-ந் தேதி வில்லியம் கான்னர், 42 வயது, புதிதாக வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் சாப்மன் என்ற இளம்பெண்ணை மணந்தார். இடைவெளி மூன்று மாதம்.

பிறகு ஏறுமுகம். லெனாபிகள் புறப்படுவதற்கு முன்பே, அதே 1820-ல், இண்டியானாவின் புதிய தலைநகருக்கு இடம் தேடிய ஆணையர்கள் கூடிய இடம் கான்னரின் மரத்தடி வீடு. அவர்கள் தேர்ந்த இடம்தான் இண்டியானாபொலிஸ். 1823-ல் செங்கல் வீடு. அதே ஆண்டு ஹாமில்டன் கவுண்டி உருவானபோது அதன் ஆரம்பக் கூட்டங்களும் இங்கேதான். பக்கத்தில் நோபிள்ஸ்வில் நகரை மனை போட்டு விற்றவர்களில் ஒருவர். மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர். இண்டியானா வரலாற்றுச் சங்கத்தின் தொடக்கக் கால உறுப்பினர். 1855-ல் இறந்தபோது ஊர்ப் பெரிய மனிதர்.

*

1934-ல் இந்த வீட்டை வாங்கியவர் ஈலை லில்லி. பெயர் கேட்டதுபோல் இருக்கிறதா? அதே மருந்து நிறுவனம்தான். 1923-ல் இன்சுலினைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கிய கம்பெனி. அதை நிறுவியவரின் பேரன் இவர், வாங்கியபோது நிறுவனத் தலைவர். வீடு அப்போது பாழடைந்து விழும் நிலையில் இருந்தது. லில்லி பழுதுபார்த்தார், பழைய மேஜை நாற்காலி தேடி வாங்கி நிரப்பினார், மரத்தடிக் கட்டடங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் கூடுதல் அழகாகவே செய்தார். காட்டு வணிகனின் வீடு, கிழக்குக்கரைக் கனவான் வீடு மாதிரி ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் அந்த அழகைக் குறைக்க வேண்டியிருந்தது.

பணக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத மனிதர். இண்டியானாவின் தொல்லியலைத் தானே கற்று 1937-ல் புத்தகம் எழுதினார். ஏஞ்சல் மவுண்ட்ஸ் என்ற பழம்பூர்வகுடி நகரத்தின் மண்மேடுகள் மனைக்கட்டாகப் போகாமல் தப்பியது அவர் பணத்தால். லெனாபிகள் மீது அவருக்கு அக்கறை உண்டு. அந்த அக்கறை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

‘வாலம் ஓலும்’ என்று ஒரு நூல். லெனாபிகள் ஆசியாவிலிருந்து பனிக்கடல் தாண்டி அமெரிக்கா வந்த புராணத்தைச் சித்திர எழுத்தில் சொல்வது. கான்ஸ்டன்டைன் ரஃபினெஸ்க் என்ற இயற்கை அறிஞர் 1836-ல் வெளியிட்டார். 1820-ல் இண்டியானாவில் டாக்டர் வார்ட் என்பவர், நோய் தீர்த்ததற்குப் பரிசாக லெனாபிகளிடம் பெற்ற வண்ணக் குச்சிகளே மூலம் என்றார். 1820, ஒயிட் ஆறு. நம் கதையின் அதே இடம், அதே ஆண்டு. லில்லி இதில் மயங்கினார். மொழியியலாளர், தொல்லியலாளர், மானிடவியலாளர் என்று ஒரு குழுவையே அமர்த்தி, ஆண்டுக்கணக்கில் செலவழித்து, 1954-ல் இண்டியானா வரலாற்றுச் சங்கத்தின் வழியாகப் பெரிய பதிப்பாகக் கொண்டுவந்தார். அவர் 1977-ல் இறந்தார். அதன்பிறகு, 1990-களில், டேவிட் ஓஸ்ட்ரைக்கர் என்ற ஆய்வாளர் அந்த நூலைப் பிரித்துப் பார்த்தார். ரஃபினெஸ்க் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, அச்சில் கிடைத்த லெனாபிச் சொற்பட்டியல்களைத் துழாவி அதை லெனாபியாக்கியிருக்கிறார். மொத்தமும் புனைவு.

கான்னர் வீட்டை மீட்ட அதே மனிதர், அந்த ஆற்றங்கரையிலிருந்து வெளியேறிய மக்களின் கதை என்று நினைத்து ஒரு பொய்க்குப் பெரும் பொருள் செலவிட்டார். அவர் காலத்தில் லெனாபி பேசும் முதியவர்கள் ஓக்லஹோமாவில் உயிரோடு இருந்தார்கள். 1836-ன் அச்சுத்தாளில் தேடியதற்குப் பதிலாக அவர்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் கொஞ்சம் அதிகநேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இது என் ஆதங்கம், தீர்ப்பு அல்ல.

*

1964-ல் லில்லி இடத்தை எர்ல்ஹாம் கல்லூரிக்குக் கொடுத்தார், குவேக்கர்கள் நடத்தும் கல்லூரி. கல்லூரியிடம் இருந்த காலத்தில், 1970-களின் நடுவில்தான் பிரெய்ரிடவுன் எழுந்தது. (அந்தக் கல்லூரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் பின்னால் பெரிய சண்டை வந்து, மாநில அட்டர்னி ஜெனரல் வரை போய், 2006-ல் தனித்தனி ஆனார்கள். லில்லி வைத்துப்போன பங்குகளின் மதிப்பு ஏறினால் இப்படியெல்லாம் நடக்கும்.)

ஏன் 1836? நல்ல தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் இண்டியானா சட்டமன்றம் கால்வாய், சாலை, ரயில் பாதைக்கென்று ஒரு கோடி டாலர் கடன் வாங்கச் சட்டம் போட்டது. ஊருக்கு ஊர் நிலவிலை ஏறியது. நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அதில் பழைய இண்டியானா ஆளுநர் ஹாரிசன் ஒரு வேட்பாளர். அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்து, 1841-ல் மாநிலம் வட்டி கட்ட முடியாமல் நின்றது. ஆனால் பிரெய்ரிடவுன்காரர்களுக்கு அது தெரியாது. என்ன ஆகும் என்று தெரியாத மனிதர்கள்தான் கதைக்கு வேண்டும்.

இங்கே கையாண்ட முறைக்கு முன்னோடிகள் உண்டு. ஸ்டாக்ஹோமில் 1891-ல் திறந்த ஸ்கான்சன் எல்லாத் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கும் தாய். மாசசூசெட்ஸின் பிளிமத் 1627-ல் உறைந்து நிற்கிறது. கான்னர் பிரெய்ரியில் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு சாதகமே எழுதிக்கொடுத்தார்கள்: எங்கே பிறந்தவர், எந்தச் சபை, எந்தக் கட்சி, யாரிடம் கடன், எந்த அண்டை வீட்டாரோடு பேச்சு இல்லை. வசனம் கிடையாது. அந்த ஆளாக இருந்து, வருகிறவர் எதைக் கேட்டாலும் அந்த ஆளின் அறிவுக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும்.

நெருப்பு மட்டும் நடிக்காது. அடுப்படிக்குப் போங்கள். அடுப்பு என்பது சுவரில் வாய் திறந்த பெரிய கணப்பு. சமைப்பவள் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறாள். தரையில் தணல் குவியல்கள், பெரிதும் சிறிதுமாக. அதுதான் அவளுக்குச் சின்னத் தீ, பெரிய தீ. மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டியில் சோளமாவு ரொட்டி. தட்டை மூடிக்கு விளிம்பு உண்டு, மூடிமேலும் தணலை அள்ளிப் போடுகிறாள். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோளத்தைச் சாம்பல் காரநீரில் வேகவைத்துத் தோலுரித்து உண்பது அன்றாடம். அந்த வித்தை பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. வெள்ளைக் குடியேறிகள் அதைத் தங்கள் பாட்டி சமையல் என்று இன்றும் நினைக்கிறார்கள்.

அதே காரநீர்தான் சோப்புக்கும். மரச்சாம்பலைப் பெட்டியில் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் அடியில் பழுப்பாக வடியும். முட்டை மிதந்தால் பதம். அதைப் பன்றிக் கொழுப்போடு வெட்டவெளியில் மணிக்கணக்காகக் கிளற வேண்டும். நாற்றம் இன்றைய பார்வையாளருக்கு வரலாற்றைவிட வேகமாக ஏறும். துணிக்கு ஆளிச்செடி: பிடுங்கி, பனியிலும் தண்ணீரிலும் கிடத்தி அழுகவைத்து, காயவைத்து, மரக்கத்தியில் நொறுக்கி, இரும்புப் பல் சீப்பில் இழுத்தால் கடைசியில் பொன்னிற நார். கொஞ்சம்தான். விதைத்ததிலிருந்து சட்டை வரை ஓராண்டுக்கு மேல். குளிருக்கு லினன் பாவில் கம்பளி ஊடையாக நெய்த முரட்டுத் துணி. அடுப்பருகே கம்பளி நல்லது: தீப்பொறி பட்டால் பொசுங்கும், பற்றி எரியாது.

இதைப் பார்த்துவிட்டு, ‘அந்தக் காலத்தில் எல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள்’ என்று பெருமூச்சு விடுவார்கள் பார்வையாளர்கள். அது தவறு. அதைத் திருத்துவதற்கே எதிரில் கடை இருக்கிறது. 1836-ல் ஆலைத்துணி வந்துவிட்டது. காப்பி, நியூ ஆர்லியன்ஸ் சர்க்கரை, நீலச்சாயம், பீங்கான் எல்லாம் கடையில். பணம் இல்லாதவர் முட்டை, தேன்மெழுகு, பன்றி இறைச்சி கொடுத்து வாங்குவார், மிச்சம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். எல்லைப்புறம் தன்னிறைவில் ஓடியதில்லை, கடனில் ஓடியது. டாக்டர் வீட்டில் இன்னொரு பாடம். முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, ஆற்றோரம் முழுக்க இருந்தது. வைத்தியருக்குத் தெரிந்தது இரத்தம் எடுப்பது, பாதரச உப்பு கொடுத்துப் பேதியாக்குவது. கொய்னா கிடைத்தால் பிழைப்பார்கள்.

*

நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அல்லது அப்படி நினைத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. வருகிற குடும்பங்களுக்கும் நடிகர்களுக்கும் நடக்கும் பேச்சை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நடிகர் மூச்சுவிடாமல் பேசுகிறார். தனக்குத் தெரிந்த ஆளிச்செடி அறிவு முழுவதையும் கொட்டுகிறார். குடும்பம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பசியைப் பற்றிப் பேசுகிறது. ‘உயிர்ப்பு’ என்று நினைத்தது தொப்பி போட்ட பாடப்புத்தகமாக இருந்திருக்கிறது. அதன் பிறகு பயிற்சியை மாற்றினார்கள். பேசுவதைக் குறை, குழந்தை கையில் சீப்பைக் கொடு, அது கேட்கும்வரை பொறு. தேவைப்பட்டால் 1836-ஐவிட்டு வெளியே வந்து இந்தக் காலத்து ஆளாகப் பேசு. தங்கள் பெருமைக்குரிய முறையைத் தாங்களே பதிவு செய்து, தோற்றதை ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் அதிகம் இல்லை.

உயிர்ப்பித்தலை எல்லை வரை கொண்டுபோன முயற்சியும் இங்கே நடந்தது. 1998 முதல் பல ஆண்டுகள், இரவில், பார்வையாளர்கள் தப்பி ஓடும் அடிமைகளாக நடிக்கும் நிகழ்ச்சி. காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம். தலை குனியச் சொல்லி அதட்டுவார்கள், விற்பார்கள், துரத்துவார்கள். தாங்க முடியாதவர் நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி தருவார்கள், கட்டியவரை யாரும் தொடமாட்டார்கள். அந்தத் துணி ஒன்றே போதும், இது எவ்வளவு பெரிய பொய் என்று காட்ட. நிகழ்ச்சிக்குப் பாராட்டும் வந்தது, கறுப்பினக் குழந்தைகளை விளையாட்டுக்கு அவமானப்படுத்துகிறீர்கள் என்ற கோபமும் வந்தது. இப்போது நடத்துவதில்லை. அது சொன்ன ஒரு செய்தி மட்டும் முக்கியம்: அடிமை முறை இல்லாத இண்டியானாவிலும் கறுப்பினத்தவருக்கு வீடு இல்லை. 1831-ன் சட்டப்படி குடியேற வரும் கறுப்பினத்தவர் 500 டாலர் பிணை கட்ட வேண்டும்.

லெனாபிகள் விஷயத்தில் 1836 உதவவில்லை. அந்த ஆண்டுக்கு அவர்கள் போய்ப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. ஆண்டைத் தேர்ந்ததும் அவர்கள் தாமாகவே கதையிலிருந்து விலகிவிட்டார்கள். யாரும் துரத்தவில்லை, நாட்காட்டியே போதுமானதாக இருந்தது. இதை உணர்ந்துதான், பின்னாளில் 1810-களின் லெனாபி வாழ்விடமும் கான்னரின் வணிகக் கடையும் தனியே அமைக்கப்பட்டன. செங்கல் வீட்டைச் சுற்றிக் காட்டும்போதும் இப்போது மெக்கின்ஜெஸ்ஸின் பெயர் சொல்லப்படுகிறது.

ஆனால் இங்கே அந்தப் புகழ்பெற்ற முறை தடுமாறும். சத்திரத்து அம்மாவாக யார் வேண்டுமானாலும் நடிக்கலாம், அவள் கற்பனை. மெக்கின்ஜெஸ் கற்பனை அல்ல. அவளுடைய வம்சமும் மக்களும் இருக்கிறார்கள். இண்டியானாவிலிருந்து மிசூரிக்கும், 1829 ஒப்பந்தத்துக்குப் பின் கான்சஸுக்கும், 1867-ல் இன்றைய ஓக்லஹோமாவுக்கும் அவர்கள் நகர்த்தப்பட்டார்கள். மெக்கின்ஜெஸ் கான்சஸிலேயே இறந்தாள். அவளும் கான்னரும் பெற்ற மகன் ஜான் கான்னர் டெக்சாஸ் வரை வழிகாட்டியாகத் திரிந்து, 1850-களின் கடைசியில் டெலவேர்களின் தலைமைத் தலைவரானார். இன்று டெலவேர் பழங்குடி அரசின் அலுவலகம் ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லில் இருக்கிறது. ஃபிஷர்ஸில் யாரோ ஒரு பெண் மான்தோல் உடுத்தி ‘நான் மெக்கின்ஜெஸ், கணவரைவிட்டுப் போகிறேன்’ என்று சொன்னால், அது எவ்வளவு ஆராய்ந்து செய்ததானாலும், ரஃபினெஸ்க் செய்த வேலையின் இன்னொரு வடிவம்தான். அவள் என்ன நினைத்தாள் என்பதற்குச் சான்று கிடையாது. சொல்லத் தகுதி உள்ளவர்கள் பார்ட்டில்ஸ்வில்லில் இருக்கிறார்கள். அருங்காட்சியகம் அவர்களைக் கேட்டுத்தான் பேச முடியும், அவர்களாக நடித்துப் பேச முடியாது.

ஆகவே லெனாபிப் பகுதியில், உடை எதுவானாலும், ‘அவர்கள்’ என்று மூன்றாம் ஆளாக நின்று இந்த நூற்றாண்டின் குரலில் பேசுவதே நேர்மை என்பது என் கட்சி. 1836-ல் வாழ்ந்து பழகிய நடிகர்களுக்கு அது சப்பென்று இருக்கலாம். இருக்கட்டும்.

அடுத்த இதழில் ஒப்பந்தத்தில் சொன்ன அந்த 120 குதிரைகளின் பின்னால் மிசிசிப்பியைக் கடப்போம்.

(தொடரும்)